பொறிக்குள் தவறும் பொறி

தமிழில் பொறி என்னும் சொல் நெருப்புத் துளியையும் குறிக்கும். வினைசெய்யும் கருவியையும் குறிக்கும். மகிழுந்தின் முன்மூடியைத் திறந்து, உள்ளே நடப்பது இன்னதென்று அறிந்த எவர்க்கும் இப்பொருத்தம் வியப்பூட்டும். பொறிக்குள் பொறி விழுந்தால்தான் பொறி ஓடும். நம் முன்னோர் மகிழுந்தை முன்னறிந்து இப்பெயரை இட்டனர் என்று வழக்காட நான் வரவில்லை. அத்தகைய வெறும் பெருமை பேசிப் பேசியே நாம் இழந்தவை போதும். நான் கேட்க வருவது வேறு. இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்திருக்கும் இனத்தான், தன் ஊர்தி நடுச்சாலையில் குலுங்கித் திணறி நிற்கும்போது, "மிசு அடிக்குது" என்று சொல்லிவிட்டு அதற்குமேல் ஒரு சொல்லும் இன்றி நிற்கிறானே, அஃது ஏன்?

எது மிசு? யார் அடிக்கிறார்? எதை அடிக்கிறார்? சொல்பவனுக்கும் தெரியாது, கேட்பவனுக்கும் தெரியாது. ஆயினும் இருவரும் தலையாட்டிக் கொள்கின்றனர். அத்தலையாட்டலுக்குத் தமிழன் கொடுக்கும் விலை சிறிதன்று.

சென்ற ஆண்டு என் மகிழுந்துக்கு இந்நோய் வந்தது. நான்கு உருளைகள் கொண்ட பழைய வண்டி. நாற்சந்தியில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கும்போது உடலெல்லாம் நடுங்கும். விரைந்து ஓடும்போது நடுக்கம் மறைந்துவிடும். கண்ணாடிச் சுவர்களும் குளிரூட்டிய காத்திருப்புக் கூடமும் கொண்ட பெரிய பணிமனை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் குறிகாட்டும் கருவி ஒன்றைச் செருகிப் பார்த்தார். "மிசுபயர் சார். நாலு பிளக்கு, நாலு காயில் மாத்தணும்" என்றார். மிசுபயர் என்றால் என்ன தம்பி என்றேன். "மிசுபயர்னா... மிசுபயர்தான் சார். இதோ கோடு காட்டுது பாருங்க" என்றார். அவரை நான் நொந்துகொள்ளவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான்கும் நான்கும் எட்டு உறுப்புகள் மாறின. ஒரு திங்கள் ஊதியத்தில் பாதி போயிற்று. நடுக்கம் மட்டும் போகவில்லை.

மறுகிழமை, புளியமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவரிடம் குறிகாட்டும் கருவி இல்லை. இரண்டு முழ நீளத்தில் ஓர் இரப்பர்க் குழாய் இருந்தது. பொறியை ஓடவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை, நோயாளியின் மார்பில் மருத்துவர் கருவியை நகர்த்துவதுபோல், மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். "ஐயா, கள்ளக் காத்து ஏறுது" என்றார். பொறியின் அடிப்பெட்டியில் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்கும் சிறு குழாய் வளைவில் வெடித்திருந்தது. புதுக்குழாயின் விலை, முன்னவர் மாற்றிய எட்டு உறுப்புகளில் ஒன்றன் விலைக்கும் வராது.

கள்ளக் காற்று! எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடியிருந்து ஆக்கிய சொல்லன்று அது. வரவேண்டிய வழியில் வராமல், அளக்கும் கருவியின் கண்ணில் படாமல், புறவழியே புகும் காற்று என்னும் முழு விளக்கமும் அவ்விரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அம்முதியவர் அறிந்திருந்ததையும் அவ்விளைஞர்க்கு எவரும் சொல்லாததையும் இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

1876-ஆம் ஆண்டில் செருமனியில் நிக்கோலாசு ஓட்டோ என்பார் நான்கடிப் பொறியை ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எனப்படும் கன்னெய்யில் ஓடும் இன்றைய மகிழுந்துகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. உருளைக்குள், பட்டறையில் பிசுட்டன் எனப்படும் ஆடுதண்டு கீழிறங்குகையில், காற்றும் கன்னெய்யும் சேர்ந்த கலவை உள்ளே இழுபடுகிறது. அது மேலேறுகையில் கலவை நெருக்கப்படுகிறது. நெருங்கிக் கிடக்கும் கலவைமேல் பொறி விழ, அது எரிந்து விரிந்து ஆடுதண்டைக் கீழ்நோக்கி உதைக்கிறது. நான்காம் அடியில் எரிந்த புகை வெளியே தள்ளப்படுகிறது. நான்கில் ஓரடிதான் உழைப்பு. மற்ற மூன்றும் அதற்கான ஏற்பாடு. ஆடுதண்டுகளின் உதையை வாங்கிச் சுழல்வது கிராங்கு எனப்படும் வணரித்தண்டு. அது மணித்துளிக்கு 3000 சுற்றுச் சுழல்கையில், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை தீ எழவேண்டும். நான்கு உருளைக்கும் சேர்த்து நொடிக்கு 100. எழவேண்டிய வேளையில் தீ எழாது தவறுவதே நோய். ஆகவே அதற்குப் பெயர் எரிதவறல்.

எரிதவறல் என்று சொல்லி வாய்மூடுமுன் அடுத்த வினா தானே எழுகிறது: ஏன் எரியவில்லை? அடுப்பூதிப் பழகிய நம் தாய்மார்க்கு இதற்கு விடை தெரியும். விறகு வேண்டும், காற்று வேண்டும், கொள்ளி வேண்டும். பொறிக்கு இவற்றோடு நெருக்கமும் வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் தீ இல்லை. 'மிசு' என்று சொல்பவனுக்கோ இவ்வினா எழுவதில்லை. "எதை மாத்தணும்?" என்பது ஒன்றே அவனுக்கு எழும் வினா. தமிழ்ப்பற்று வெறும் உணர்ச்சிக் கொதிப்பு என்று நம்மை எள்ளி நகையாடுவோர், இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவைச் சற்றே அளந்து பார்க்கட்டும். எட்டு உறுப்புகளின் விலை அத்தொலைவுக்குள் அடங்கியிருக்கிறது.

கொள்ளியை முதலில் பார்ப்போம். வண்டியின் மின்கலத்தில் உள்ளது 12 வோல்டு. காயில் எனப்படும் எரியூட்டுச் சுருள் அதனைப் பல்லாயிரம் வோல்டாக உயர்த்தி, பிளக்கு எனப்படும் பொறிச்செருகிக்கு அனுப்புகிறது. செருகியின் முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை மின் தாவிக் கடக்கும்போது பிறப்பதே பொறி. முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் தாவல் அரிதாகும். உருளைக்குள் நெருக்கம் மிகுந்தாலும் தாவல் அரிதாகும். ஆகவேதான் கொள்ளி மெலிந்த வண்டி, சமநிலத்தில் ஒழுங்காக ஓடி, மேட்டில் ஏறும்போதும் ஆளேற்றிக்கொண்டு முடுக்கும்போதும் உதறுகிறது.

என் வண்டி நின்றால் நடுங்கியது, ஓடினால் ஓய்ந்தது, இதற்கு நேர்மாறு. முடுக்காமல் ஓடவிட்ட நிலையில் பொறி குடிக்கும் காற்று மிகச் சிறிது. கன்னெய் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பதே நிறைவான எரிப்புக்குரிய வீதம். அச்சிறு காற்றோடு வெடிப்பின் வழியே கள்ளக் காற்றும் சேர்ந்தால், கலவை மெலிந்து, விழுந்த பொறியைப் பற்றமாட்டாமல் விட்டுவிடும். முடுக்கினாலோ உள்ளே பாயும் பெருங்காற்றுக்கு முன் அக்கள்ளக் காற்று ஒரு பொருட்டே அன்று. இவ்வளவும் கருவியைச் செருகுமுன்னரே, "எப்போது நடுங்குகிறது ஐயா?" என்னும் ஒற்றைக் கேள்வியில் தெரிந்திருக்கும். அக்கேள்வியைப் பெரிய பணிமனையில் என்னிடம் எவரும் கேட்கவில்லை. பெயர், முகவரி, எண்ணெய் மாற்றிய நாள் எல்லாம் கேட்டார்கள்.

கழற்றிய பொறிச்செருகி ஓர் ஏடு. முனை இளம்பழுப்பாயிருந்தால் உருளை நலமாயிருக்கிறது. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் கன்னெய் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. எண்ணெய் தோய்ந்து கறுத்திருந்தால் உருளைக்குள் எண்ணெய் கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவை மெலிந்து வெப்பம் மிகுந்திருக்கிறது. நாடி பிடித்து நோயறிந்த மருத்துவர்களின் வழிவந்த நமக்கு இஃது எட்டாத கலையா? பழைய செருகியைக் குப்பையில் எறியுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்கும் கைகள் குறைந்துவிட்டன. உங்கள் வண்டியில் செருகி மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். எந்த உருளையில் இருந்தது என்று குறித்து வாங்குங்கள். அதில் உங்களுக்கு நாணம் வேண்டா. அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்.

சுருளின்மேல் ஐயம் வந்தாலும் புதியது வாங்குமுன் செய்யத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிச் சுருள் உள்ள வண்டிகளில், பொறியை நிறுத்தி, முதல் உருளையின் சுருளை மூன்றாவதற்கும் மூன்றாவதன் சுருளை முதலுக்கும் மாற்றிப் பொருத்தவேண்டும். எரிதவறலும் சுருளோடு மூன்றாவதற்குக் குடிபெயர்ந்தால் சுருளே குற்றவாளி. முதல் உருளையிலேயே தங்கிவிட்டால் சுருள்மேல் பழியில்லை. செருகியையும், கன்னெய்த் தெளிப்பியையும், உருளையையும் பார்க்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்; அதற்கு ஒரு விடை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுபவன், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பதை அறியமாட்டான். அடுத்த வண்டிக்கும் எல்லாவற்றையும் மாற்றுவான்.

நெருக்கத்தை அளக்கத் தனி அளவி உண்டு. ஓர் உருளையில் மட்டும் நெருக்கம் குறைந்திருந்தால், செருகித் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு ஏறினால் ஆடுதண்டின் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு எனப்படும் ஓரதர் சரியாக மூடவில்லை, அல்லது உருளைத்தலையின் அடைதகடு எரிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு உருளைகளில் நெருக்கம் ஒருங்கே குறைந்தால் அவற்றுக்கிடையே அடைதகடு போயிற்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

விறகாகிய கன்னெய்யைப் பற்றி ஒரு சொல். 2025-ஆம் ஆண்டில், கன்னெய்யில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் எனும் சாராயம் கலக்கும் இலக்கை இந்திய அரசு எட்டியது. நன்மை தீமை பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். சாராயம் நீரை ஈர்க்கும் இயல்பினது. நீர் அளவு கடந்து சேர்ந்தால், சாராயமும் நீரும் கூடிக் கன்னெய்யினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். வண்டியின் எக்கி உறிஞ்சுவதும் அடியிலிருந்தே! கார்காலத்தில் நெடுநாள் நிறுத்திவைத்த வண்டி, திடுமென எல்லா உருளைகளிலும் எரிதவறினால், சுருள் வாங்க ஓடுமுன் தொட்டியின் அடியை ஐயுறுக.

குறிகாட்டும் கருவியைப் பழிக்க நான் இதனை எழுதவில்லை. அது மாந்த அறிவின் அரிய ஆக்கம். 2013 ஏப்பிரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய மகிழுந்துகள் தம் எரிதவறலைத் தாமே கண்டறிந்து அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அஃது எவ்வாறு கண்டறிகிறது? வணரித்தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் அருகே ஓர் உணரி அமர்ந்திருக்கிறது. தீ எழுந்த உருளை தண்டை உதைத்து முடுக்குகிறது. தீ தவறிய உருளையின் முறை வரும்போது தண்டு ஓர் இமைப்பொழுது தளர்கிறது. அத்தளர்ச்சியைப் பற்களின் ஓட்டத்தில் அளந்து, இன்ன உருளை தவறிற்று என்று கணிப்பி குறித்துக்கொள்கிறது. பி0301 என்றால் முதல் உருளை. பி0304 என்றால் நான்காவது. பி0300 என்றால் ஓர் உருளை என்றில்லாமல் பலவற்றில். கருவி அறிந்தது இவ்வளவே. தண்டு தளர்ந்த இடத்தை அது காட்டும். தளர்ந்த கரணியத்தை அது காட்டாது. குறியைப் படித்துவிட்டு உறுப்பை மாற்றுபவன், ஆள் விழுந்த இடத்தைக் கேட்டறிந்ததும் அறுவை செய்யப் புறப்பட்ட மருத்துவனை ஒப்பான்.

இன்னொன்றையும் எல்லா ஓட்டுநரும் அறிந்திருக்கவேண்டும். முகப்பில் உள்ள பொறி வடிவ எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பார்க்கவேண்டும். விட்டுவிட்டு எரிந்தால் அன்றே, அப்பொழுதே விரைவைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டவேண்டும். உருளையில் எரியாத கன்னெய், புகைக்குழாய் வழியே போய், அங்குள்ள வினையூக்கி மாற்றியில் எரியத் தொடங்கும். பிளாட்டினம், பல்லேடியம், உரோடியம் என்னும் விலையுயர்ந்த மாழைகள் பூசிய அவ்வுறுப்பின் உட்கூடு அவ்வெப்பத்தில் உருகிப்போகும். ஒரு பொறிச்செருகிக்குச் செலவிட மறுத்தவன் பின்னர் பல பதினாயிரம் உருபா செலவிட நேரும். இவ்வளவு பெரிய எச்சரிக்கை, வண்டியோடு வரும் கையேட்டில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, கையுறைப் பெட்டிக்குள் பிரிக்கப்படாத உறையில் உறங்குகிறது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மகிழுந்துகள் உருவாகின்றன. தமிழ்மண்ணில், தமிழர் கைகளால் உருவான வண்டி, நோயுற்றால் தன் நோயைத் தமிழில் சொல்லத் தெரியாமல் நிற்கிறது! செருமானியன் பொறிச்செருகியை எரியூட்டும் மெழுகுத்திரி என்று தன் மொழியில் அழைக்கிறான். பிரெஞ்சுக்காரனும் அதனை மெழுகுத்திரி என்றே சொல்கிறான். எரிதவறலுக்கும் அவ்விருவர்க்கும் தம் சொல் உண்டு. அதனால் அவர்கள் பொறியியலில் பின்தங்கிப் போயினரா? தம் வீட்டு மெழுகுத்திரியின் பெயரைப் பொறிக்குள் வைத்தவனுக்குப் பொறி வீட்டுப்பொருளாயிற்று. நமக்கு அது இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது.

இங்கே நம்மவர் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது 1981-இல். அண்ணா பல்கலைக்கழகம் எந்திரவியலையும் கட்டுமானவியலையும் தமிழ்வழியில் பயிற்றத் தொடங்கியது 2010-இல். கலைச்சொல் தொகுதிகள் பல வந்துவிட்டன. ஆயினும் அவற்றுள் ஒன்றில் எண்ணெய்க் கறை படிந்து நான் பார்த்ததில்லை. ஓரதர் என்பார் ஒருவர். தடுக்கிதழ் என்பார் மற்றொருவர். அடைப்பிதழ் என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தம் சொல்லே சிறந்தது என்று நிறுவக் கட்டுரை எழுதுவர். பட்டறைச் சிறுவன் அதற்குள் வால்வை மாற்றி முடித்து வண்டியை அனுப்பிவிடுகிறான். சொல்லாக்கம் செய்வோர் மேசையிலிருந்து எழுந்து ஒருநாளேனும் புளியமரத்தடிக்குப் போகவேண்டும். அங்கே 'திணறுது' என்பது வேறு, 'உதறுது' என்பது வேறு, 'முக்குது' என்பது வேறு, 'கக்குது' என்பது வேறு. ஆங்கிலக் கையேடு பத்துச் சொற்களில் சொல்வதை ஒற்றை வினைச்சொல்லில் சொல்லும் திறம் அவர்களிடம் இருக்கிறது. பெயர்ச்சொல்லைத்தான் கடன் வாங்கினார்கள், வினைச்சொல்லை விடவில்லை. அவ்வினைகளின்மேல் பெயர்களை நட்டால் வேர் பிடிக்கும். அகரவரிசையில் அடுக்கி அலமாரியில் வைத்தால் பிடிக்காது.

என் கருத்தில், நம் இயக்கத் தோழர்கள் ஊர்தோறும் ஒரு பட்டறையைத் தேர்ந்துகொண்டு, கிழமைக்கு ஒருநாள் அங்கே அமர்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளவேண்டும். அதன்பின், நான்கு பக்கம் மிகாத துண்டேடு ஒன்று: எரிதவறலின் நான்கு கரணியங்கள், ஒவ்வொன்றுக்கும் அறிகுறி, செலவின்றிச் செய்யும் ஆய்வு. அதனைப் பட்டறைச் சுவரில் ஒட்டவேண்டும். தொழிற்பயிற்சி நிலைய வாயிலில் நின்று பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதைக் காட்டிலும் இது கடினம் என்பதை நான் அறிவேன்.

சென்ற திங்கள் அம்முதியவரிடம் மீண்டும் போயிருந்தேன். என் வண்டிக்கு ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டிருக்கத்தான். வேறொரு வண்டி ஓடிக்கொண்டே உதறி நின்றது. பதினெட்டு அகவை இருக்கும், புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை, தெளிப்பிகளின் மின் இணைப்பை ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கழற்றிச் செருகினான். முதலாவதைக் கழற்ற ஓசை தாழ்ந்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் தாழ்ந்தது. இரண்டாவதைக் கழற்றியபோது ஓசையில் மாற்றமே இல்லை. "அண்ணே, ரெண்டாவது எரியலே" என்றான்.

முதியவர் தேநீர்க் குவளையிலிருந்து தலை நிமிரவில்லை. "ஏன் எரியலே?" என்றார்.

பிள்ளை திருகியை எடுத்துக்கொண்டு குனிந்தான்.